மகனுக்கு ஓயாத தடிமல், மகளுக்கு இறால் ஆகாது: எதிர்ப்புச் சக்தி குறைவா, டொக்டர்?

மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, வாவிக்கரையில் உள்ள ஓர் ஊரிலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

மகனுக்கு நாலே கால் வயது. தை மாதம் முன்பள்ளியில் சேர்த்ததிலிருந்து மாதம் தவறாமல் தடிமல், இருமல், இடைக்கிடை காய்ச்சல். கழுத்தின் இரு பக்கமும் கடலை அளவில் கட்டிகள் தட்டுப்படுகின்றன. மூன்று முறை வேறு வேறு இடங்களில் அன்டிபயோட்டிக் பாணி கொடுத்தாயிற்று. ஒன்றரை வயதில் போட்ட ஊசிக்கு இரண்டு நாள் காய்ச்சல் அடித்ததால், "பலவீனமான உடம்பு தாங்காது" என்று 5 வயது ஊசியை விட்டுவிடலாமா என யோசிக்கிறார்கள். பேஸ்புக்கில் பார்த்து, எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் பொடி ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார்கள்.

மகளுக்குப் பத்து வயது. ஒரு முறை இறால் கறி சாப்பிட்டதும் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கியது. சில மாதம் கழித்து இறால் வடையில் பாதி தின்றவுடன் வாந்தி, தொண்டை இறுக்கம், மூச்சில் விசில் சத்தம். பிரிட்டன் (Piriton) என்ற அலர்ஜிக் குளிசை கொடுத்ததும் ஒரு மணித்தியாலத்தில் அடங்கிவிட்டது. மாமி சொல்கிறார்: "அவளுக்கும் எதிர்ப்புச் சக்தி காணாது. கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்துப் பழக்கினாச் சரியாயிரும்."

கணவர் 2017இல் டெங்கு வந்து வார்ட்டில் கிடந்து எழும்பியவர். இந்த மாரியில் அவர்களுடைய ஒழுங்கையில் இரண்டு வீட்டில் டெங்கு. "எனக்கு ஒருக்கா வந்திட்டு, உடம்பு பழகிட்டு, இனி வராது" என்கிறார். போன மாதம் காய்ச்சல் வந்தபோதும் இரத்தம் பார்க்கவில்லை. பாமசியில் வலிக் குளிசை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.

"வீட்டில் அவருக்கு மட்டும்தான் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது. பிள்ளைகள் இரண்டும் ஏன் இப்படி?" என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் பாதிக்கு மேல் மகனைப் பற்றித்தான். மகளின் இறால் கதை கடைசியில் நாலு வரி. கணவருடையது, அவர் மேலுள்ள கோபத்தில் போகிற போக்கில் எழுதியது. வாசித்து முடித்தபோது என் கவலை நேர்மாறாக இருந்தது. மகனைப் பற்றி எனக்குப் பெரிய பயம் இல்லை. மகளையும் கணவரையும் நினைத்துத்தான் உடனே பதில் எழுத உட்கார்ந்தேன்.

எதிர்ப்புச் சக்தியைக் கூரைமேல் வைத்த தண்ணீர் டாங்கி போல நினைத்துவிட்டீர்கள். மகனின் டாங்கி பாதி, மகளுடையது கால், கணவருடையது நிறைவு. குறைந்ததைப் பொடியால் நிரப்பலாம் என்று. உடம்பில் அப்படி ஒரு மட்டம் இல்லை. அங்கே நடப்பது அடையாளம் காணும் வேலை. இது என்னுடையதா, வெளியாளா? வெளியாள் என்றால் ஆபத்தானதா, சும்மா வந்து போகிற சாப்பாடா? முன்பு பார்த்ததா, புதிதா? இந்தக் கேள்விகளுக்குச் சரியான விடை கிடைத்தால் சுகம். பிழையான விடையில் பலத்தோடு இறங்கினால் அந்தப் பலமே நோய். உங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் நடப்பது மூன்று வேறு விஷயங்கள். ஒருவருக்குக்கூட அது 'குறைவு' இல்லை.

(பாடப் புத்தகங்களில் இதைப் படை, போர், எதிரி என்று எழுதுவார்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் பேச்சு வேண்டாம் என்பது என் எண்ணம். அது இல்லாமலே விளங்கப்படுத்தலாம்.)

மகள்: இனி ஒரு துண்டு இறாலும் வேண்டாம்

முதலில் இதைச் செய்யுங்கள். காரணத்தைப் பிறகு வாசிக்கலாம். இறால், நண்டு, சிங்க இறால், கூனி எதுவும் மகளின் வாயில் படக்கூடாது. பழக்குகிறேன் என்று யாரும் ஒரு நகக்கண் அளவும் கொடுக்கக்கூடாது. மாமியிடம் இந்தப் பந்தியை நீங்களே வாசித்துக் காட்டுங்கள். அவர் பேத்தி மேலுள்ள பாசத்தில்தான் சொல்கிறார். ஆனால் அடுத்த முறை நடப்பது இதைவிடக் கடுமையாக இருக்கலாம்.

இறாலின் தசையில் ட்ரோபோமயோசின் என்றொரு புரதம் உண்டு. உங்களுக்கும் எனக்கும் அது வெறும் சாப்பாடு. மகளின் உடல் எப்போதோ ஒரு நாள் அதை ஆபத்து என்று பிழையாகக் குறித்துக்கொண்டு, அதற்கென ஐஜிஈ என்ற வகைப் பிறபொருளெதிரிகளை (அன்டிபொடி) செய்துவிட்டது. அவை தோலிலும் குடலிலும் மூச்சுப் பாதையிலும் இருக்கும் மாஸ்ட் கலங்கள் என்ற பாதுகாப்புக் கலங்களின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். இறால் மறுபடி உள்ளே வந்து அவற்றில் பட்டதும், அந்தக் கலங்கள் ஹிஸ்டமீன் முதலானவற்றைச் சில நிமிடங்களில் கொட்டிவிடும். தடிப்பு, வீக்கம், வாந்தி, மூச்சு இறுக்கம் எல்லாம் அதனால்தான். அந்தப் புரதம் வெப்பத்துக்கு அழியாது. நன்றாகக் கொதிக்க வைத்தேன், பொரித்தேன் என்பதால் பயன் இல்லை.

பழக்கினால் சரியாகும் என்ற நினைப்பு புதிதல்ல. பிரான்சில் ஷார்ல் ரிஷே, போல் போர்த்தியே என்ற இருவர் கடல் அனிமோனின் நஞ்சைச் சிறிதளவு கொடுத்து நாய்களைப் பழக்கப் பார்த்தார்கள். முதல் ஊசியைத் தாங்கிய ஒரு நாய், சில வாரம் கழித்து மறுபடி கொடுத்ததும் உடனே விழுந்து, அரை மணித்தியாலத்துக்குள் செத்தது. 1902இல் அதற்கு அனபிலக்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். ரிஷேக்கு 1913இல் நோபல் பரிசு கிடைத்தது. இப்போது சில ஒவ்வாமைகளுக்கு அளந்து அளந்து கொடுக்கும் சிகிச்சை இருக்கத்தான் செய்கிறது. அது நிபுணரின் கண் முன்னே, அவசர மருந்துகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வது. குசினியில் செய்வதல்ல.

பிரிட்டன் கொடுத்ததும் அடங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். தோல் அரிப்பை அது குறைத்திருக்கும். மூச்சுப் பாதை வீக்கத்தையோ, இரத்த அழுத்தம் விழுவதையோ அது தடுக்காது. அன்று மகள் தானாகத் தேறினாள் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். தோலில் தடிப்போடு வாந்தியோ, மூச்சு இறுக்கமோ, தலைசுற்றோ சேர்ந்து வந்தால் அதற்கு மருந்து அட்ரினலின். தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடும் ஊசி அது. தாமதிக்காமல் 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள். அது இலவசம். வாகனம் கையில் இருந்தால் பக்கத்தில் உள்ள அரசாங்க வைத்தியசாலைக்கே நேராகப் போங்கள். போகும் வரை மகளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்தி வையுங்கள். மூச்சு எடுக்கக் கஷ்டப்பட்டால் மட்டும் உட்கார விடலாம். எழுப்பி நடக்க விடாதீர்கள். தேறிய பிறகும் சில மணித்தியாலம் வைத்துப் பார்ப்பார்கள், ஏனென்றால் இரண்டாவது அலை வருவதுண்டு. "நல்லாத்தானே இருக்கிறாள்" என்று துண்டு வெட்டி வீட்டுக்கு விடச் சொல்லிக் கேட்காதீர்கள்.

இந்த வாரமே போதனா வைத்தியசாலையின் சிறுவர் கிளினிக்குக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். தேவைப்பட்டால் கொழும்பு பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்கு ஒவ்வாமைப் பரிசோதனைக்காக அனுப்புவார்கள். அப்படி ஒரு பரிந்துரையைக் கேட்பது உங்கள் உரிமை, கூச்சப்படாதீர்கள். ஆனால் தனியார் ஆய்வுகூடத்தில் 'அலர்ஜி டெஸ்ட்' என்று நாற்பது ஐம்பது சாப்பாட்டுக்குச் சேர்த்து நீங்களாகச் செய்விக்க வேண்டாம். சாப்பிட்டால் ஒன்றும் செய்யாத பொருளுக்கும் அந்தச் சோதனைகள் 'பொசிட்டிவ்' காட்டும். அதைப் பார்த்துவிட்டு முட்டை, பால், கோதுமை மா என்று ஒவ்வொன்றாக நிறுத்தி, பிள்ளை மெலிந்த பிறகு வரும் பெற்றோரைக் கிளினிக்கில் காண்கிறோம்.

மீனை நிறுத்தாதீர்கள். மீனில் ஒவ்வாமை தருகிற புரதம் வேறு. இதுவரை மீன் ஒத்துக்கொண்டிருந்தால் தொடர்ந்து கொடுக்கலாம். கணவாயும் மட்டியும் சிலருக்கு இறாலோடு சேர்ந்தே ஒத்துக்கொள்ளாமல் போவதால், கிளினிக்கில் கேட்கும் வரை தள்ளி வையுங்கள். இறால் பொரித்த எண்ணெய், கூனிச் சம்பல் எடுத்த கரண்டி, கடை மிக்ஸ் ரைஸ் இவற்றில்தான் கவனம் பிசகும். வகுப்பு ஆசிரியைக்கு ஒரு துண்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்றையும் இங்கே சொல்லி வைக்கிறேன். ஐஸ் போடாமல் வெயிலில் கிடந்த சூரை மீனைத் தின்றுவிட்டு வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் முகம் சிவந்து அரித்தால், அது ஒவ்வாமை இல்லை. அந்த மீனிலேயே பக்டீரியா ஹிஸ்டமீனை உண்டாக்கியிருக்கும். உடம்பு எதையும் பிழையாக அடையாளம் காணவில்லை, மீன்தான் பிழை.

கணவர்: உடம்பு மறக்காததுதான் சிக்கல்

உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை. ஒரு கிருமியை ஒரு முறை கண்ட உடல் அதை நினைவில் வைத்திருக்கும். சின்னமுத்துவுக்கு (மீசில்ஸ்) இது அச்சொட்டாகப் பொருந்தும். 1846இல் வட அத்திலாந்திக்கில் உள்ள பரோ தீவுகளில் சின்னமுத்து பரவி, ஏழாயிரத்துச் சொச்சம் பேரில் ஆறாயிரம் பேர் வரை படுத்துவிட்டார்கள். அங்கே போன பீட்டர் பானும் என்ற இளம் வைத்தியர் ஒன்றைக் கவனித்தார். 1781இல் சின்னமுத்து வந்து தப்பியிருந்த கிழவர்கள் ஒருவருக்கும் மறுபடி வரவில்லை. 65 வருடம் கழித்தும் உடல் மறக்கவில்லை. சின்னமுத்து வைரசில் தடுப்பைப் பொறுத்தமட்டில் ஒரே வகைதான் என்பதால் அது சாத்தியமானது.

டெங்கு அப்படி இல்லை. அதில் நான்கு வகைகள். 2017இல் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு பதிவானது. அந்த வருடம் பெரும்பாலும் இரண்டாம் வகை. கணவருக்கு வந்ததும் அதுவாக இருந்தால், அந்த இரண்டாம் வகைக்கு அவருக்குப் பாதுகாப்பு உண்டு. மற்ற மூன்றுக்கும் கிடைத்திருக்கக்கூடிய பாதுகாப்பு மாதக்கணக்கில் தேய்ந்து போயிருக்கும்.

அதைவிட மோசமான விஷயம் ஒன்று உண்டு. வேறொரு வகை உள்ளே வரும்போது, பழைய பிறபொருளெதிரிகள் அதை ஓரளவு அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும். ஆனால் செயலிழக்கச் செய்ய அவற்றால் முடியாது. பிறபொருளெதிரி ஒட்டிய எதையும் விழுங்குவது வெண்குருதிக் கலங்களில் ஒரு சாராரின் பழக்கம். டெங்கு வைரஸ் குடியேறிப் பெருகுவதும் அந்தக் கலங்களுக்குள்ளேதான். அதனால் பழைய நினைவு வைரசைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் விடுகிறது. கியூபாவில் இதைக் கண்கூடாகப் பார்த்தார்கள். 1977இல் அங்கே முதலாம் வகை பரவியது. 1981இல் இரண்டாம் வகை வந்தபோது 3,44,000 பேருக்கு நோய், 158 சாவு. கடுமையாக விழுந்தவர்களில் பெரும்பாலானோர் முன்பு ஒரு முறை வந்தவர்கள். 1997இல் சந்தியாகோ நகரில் மறுபடி இரண்டாம் வகை வந்தபோதும், இருபது வருடத்துக்கு முன் முதலாம் வகை பட்டவர்களுக்குத்தான் கடுமையாகியது.

இதைச் சொல்லி அவரைப் பயமுறுத்த வேண்டாம். இரண்டாம் முறை வருபவர்களில் பெரும்பாலானோர் ஒழுங்காகப் பார்த்தால் சுகமாகி விடுகிறார்கள். ஆனால் "ஒருக்கா வந்திட்டு" என்பது அவர் கூடுதலாகக் கவனிக்க வேண்டியதற்குக் காரணம், கவனிக்காமல் விடுவதற்கு அல்ல. போன மாதக் காய்ச்சல் டெங்குவாக இல்லாமலும் இருந்திருக்கலாம். அது போகட்டும். அடுத்த முறைக்கு இவை:

காய்ச்சலுக்குப் பெனடோல் மட்டும், அளவோடு. டைக்ளோபெனாக், புருபன், அஸ்பிரின் வேண்டாம். அவை இரத்தக் கசிவைக் கூட்டும். பாமசியில் 'உடம்பு வலிக் குளிசை' என்று துண்டில் சுற்றிக் கொடுப்பதில் இவைதான் இருக்கும். பெயரைக் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாம் நாள் காய்ச்சல் நிற்காவிட்டால் எஃப்.பி.சி. என்ற, இரத்தக் கலங்களை எண்ணும் பரிசோதனை. அரசாங்க வைத்தியசாலை ஓ.பி.டி.யில் காசு கேட்க மாட்டார்கள். ஒரு நாள் தொழில் போகிறதே என்பார். வார்ட்டில் ஒரு வாரம் கிடந்தால் எத்தனை நாள் போகும் என்று கேளுங்கள்.

காய்ச்சல் விட்ட நாளை நல்ல நாள் என்று நினைக்காதீர்கள். டெங்குவில் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிவது அநேகமாகக் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான். ஒன்றிரண்டு நாள் நீடிக்கும். அந்தக் கசிவை வைரஸ் தனியாகச் செய்வதில்லை. உடலின் சொந்த எதிர்வினையும் மிஞ்சிப்போய்க் குழாய்ச் சுவரைத் தளர்த்திவிடுகிறது. வயிற்று வலி, ஓயாத வாந்தி, பல் முரசில் இரத்தம், கைகால் குளிர்ச்சி, சலம் குறைதல், சோர்ந்து படுத்தல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் இரவு இரண்டு மணி என்றாலும் கொண்டு போங்கள். பப்பாசி இலைச் சாறு பிளேட்லெட்டைக் கூட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இந்தக் கட்டத்தில் உயிரைத் தீர்மானிப்பது கசிவும் அதற்கு அளந்து கொடுக்கும் நீரும்தான். இளநீர், ஜீவனி (உப்பும் சீனியும் சேர்ந்த கரைசல்), கஞ்சித் தண்ணீர் கொடுக்கலாம். சிவப்பு, கபில நிறப் பானங்களைத் தவிருங்கள். வாந்தியில் இரத்தமா, பானமா என்று எங்களுக்குத் தெரியாமல் போகும்.

கூரைப் பீலியில் இலை அடைத்திருக்கிறதா, பிரிட்ஜின் பின் தட்டில் தண்ணீர் நிற்கிறதா என்று வாரம் ஒரு முறை பாருங்கள். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயா வந்தால்தான் வளவைக் கூட்டுவது என்ற பழக்கம் எங்கள் ஊர்களில் இன்னும் போகவில்லை.

மகன்: அவன் படித்துக்கொண்டிருக்கிறான்

முன்பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிள்ளைக்கு வருடத்தில் ஆறு முதல் எட்டுத் தடிமல் வரை வருவது வழக்கம். சிலருக்குப் பத்தைத் தாண்டும். ஒவ்வொன்றும் ஒரு வாரம், பத்து நாள்; இருமல் அதற்கு மேலும் இழுக்கும். கணக்குப் போட்டால் மாரி காலத்தில் பாதி நாள் மூக்கு ஒழுகத்தான் செய்யும். இது நோயாளிப் பிள்ளையின் கணக்கு இல்லை. மாதம் ஒரு தடிமல் என்பது கூடிய பக்கம்தான், ஆனால் எல்லைக்குள்ளேதான் இருக்கிறது.

ஏன் இத்தனை? தடிமலுக்கு முக்கிய காரணமான ரைனோ வைரசில் மட்டும் 160க்கு மேல் வகைகள் உண்டு. ஒன்றைக் கண்ட நினைவு மற்றதற்கு அவ்வளவாக உதவாது. புதிய வைரஸ் மூக்கினுள் இறங்கியதும் முதலில் எழும்புவது பிறவியிலேயே இருக்கும் பொதுவான பாதுகாப்பு. அதற்கு இந்த வைரசின் ஊர் பேர் தெரியாது. கிருமிகளுக்குப் பொதுவான சில அமைப்புகளை மட்டும் அது அறியும். மனிதக் கலத்தில் இருக்கக் கூடாத ஒன்று இங்கே இருக்கிறது என்று கண்டால் சில மணித்தியாலத்தில் வேலையைத் தொடங்கும். சளி, தொண்டை வீக்கம், காய்ச்சல் எல்லாம் பெரும்பாலும் இதன் கைவேலை. காய்ச்சலைக் கிருமி மூட்டுவதாகத்தான் நாம் நினைக்கிறோம். மூட்டுவது மூளைதான், பாதுகாப்புக் கலங்கள் அனுப்பும் இரசாயனச் செய்தியைக் கேட்டு.

அதே நேரத்தில் டென்றைட்டிக் கலம் என்ற ஒன்று வைரசின் துண்டுகளை எடுத்துக்கொண்டு பக்கத்து நிணநீர்க் கணுவுக்குப் போகும். உங்கள் கை கழுத்தில் தட்டுப்படுகிற கடலைகள் அவைதான். அங்கே ரி, பி என்ற இரு வகை வெண்குருதிக் கலங்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு வடிவில் ஒரு பிடிப்பான். வைரசைப் பார்த்துச் செய்த பிடிப்பான்கள் அல்ல அவை. மரபணுத் துண்டுகளை எழுந்தமானமாக மாற்றி மாற்றிச் சேர்த்து முன்கூட்டியே உண்டாக்கப்பட்டவை. இதை 1976இல் காட்டியவர் ஜப்பானைச் சேர்ந்த சுசுமு தொனெகாவா. இந்த வைரசுக்குப் பொருந்துகிற கலம் அந்தக் கூட்டத்தில் மிகச் சிலவே இருக்கும். அவற்றைக் கண்டுபிடித்து, பெருக்கி, மூக்குக்கு அனுப்ப ஒரு வாரம் ஆகும். தடிமல் ஒரு வாரம் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். வேலை நடக்கும்போது கணு வீங்கும். ஆகவே அந்தக் கட்டிகள் எதிர்ப்புச் சக்தி இல்லை என்பதற்கல்ல, இருக்கிறது என்பதற்கு அடையாளம்.

எழுந்தமானமாக உண்டாக்கினால் நம் சொந்த உடம்பையே தாக்கும் கலங்களும் வராதா? வரும். நெஞ்சுக்குள் இருக்கும் தைமசுச் சுரப்பியில் ரி கலங்களைச் சோதித்து, பொருந்தாதவற்றை அங்கேயே சாக விடுகிறது உடல். அந்தச் சோதனையில் தப்பிப் பிழைப்பது நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. அதையும் மீறி வெளியே வருபவற்றை அடக்கி வைக்க வேறு சில ரி கலங்கள் இருக்கின்றன. 2025ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு, இந்த அடக்கும் கலங்களைக் கண்டு விளக்கிய மேரி பிரன்கோ, பிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி மூவருக்கும் போனது. அந்த அடக்கம் பிசகினால் மூட்டுவாதம், லூபஸ், சிறு பிள்ளைகளுக்கு வருகிற முதலாம் வகை நீரிழிவு என்று உடல் தன்னையே அரிக்கத் தொடங்கும். 'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுகிறேன்' என்று ஒருவர் விளம்பரம் செய்யும்போது எனக்கு வருகிற கேள்வி இதுதான்: இதில் எதைக் கூட்டப் போகிறீர்கள், ஐயா? மகளின் உடலில் ஏற்கெனவே ஒன்று கூடித்தானே இருக்கிறது?

உண்மையிலேயே பாதுகாப்புக் குறைவோடு பிறக்கும் பிள்ளைகள் உண்டு, அரிதாக. ஒரு வருடத்துக்குள் இரண்டு முறை நியூமோனியா, நாலு தடவையோ அதற்கு மேலோ காதில் சீழ், திரும்பத் திரும்ப ஆழமான சீழ்க்கட்டி, ஒரு வயது தாண்டியும் வாயில் மாறாத வெள்ளை, நிறை ஏறாமை, ஊசி மருந்து ஏற்றினால்தான் மாறும் தொற்றுகள், குடும்பத்தில் குழந்தைகள் தொற்றால் இறந்த வரலாறு. இவற்றில் ஒன்றிரண்டு இருந்தால் சிறுவர் நோய் நிபுணரிடம் காட்ட வேண்டும். நீங்கள் எழுதியதில் ஒன்றுமில்லை. நிறை படியே ஏறுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். கழுத்துக் கட்டி இரண்டு சென்ரிமீற்றருக்கு மேல் போனால், கல் மாதிரி இறுகினால், காறை எலும்புக்கு மேலே வந்தால் காட்டுங்கள். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தாலோ, வீட்டில் யாருக்கும் காசநோய் இருந்தாலோ அதையும் தள்ளிப்போடக் கூடாது.

அன்டிபயோட்டிக் வைரசை ஒன்றும் செய்யாது. கொடுத்த மூன்று போத்திலும் பெரும்பாலும் தேவைப்பட்டிருக்காது. அடுத்த முறை வைத்தியர் எழுதினால், "இது பக்டீரியாவா டொக்டர்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்டால் கோபிக்கிற டொக்டர்கள் எங்களில் உண்டு, ஆனாலும் கேளுங்கள்.

ஊசியும் பொடியும்

5 வயது ஊசியை விடாதீர்கள். ஒன்றரை வயதில் போட்டதில் கக்குவானுக்கான பகுதியும் இருந்தது. பிள்ளைகளுக்கு அதிகம் காய்ச்சல் தருவது அதுதான். அந்தக் காய்ச்சலும் நான் மேலே சொன்ன வேலை நடந்ததற்கு அறிகுறியே தவிர, உடம்பு தாங்கவில்லை என்பதல்ல. 5 வயதில் போடுவது தொண்டைக்கரப்பானுக்கும் ஏற்புவலிக்கும். கக்குவான் பகுதி அதில் இல்லை. காய்ச்சல் வந்தாலும் பெனடோலோடு போகும். ஊசி போட்ட சில நிமிடங்களில் மூச்சு முட்டி உடம்பு தடித்திருந்தால் அது வேறு கதை. அப்படி நடந்ததாக நீங்கள் எழுதவில்லை. ஊசியன்று தடிமல் இருந்தாலும் போடலாம். கடும் காய்ச்சல் என்றால் மட்டும் சில நாள் தள்ளுவார்கள். சந்தேகம் இருந்தால் பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தில் கேளுங்கள்.

ஊசி போட்டால் உடம்பு பலவீனமாகும், நோய் வந்து போனால்தான் பலம் என்று முன்பள்ளித் தாய்மார் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சின்னமுத்துவை வைத்துப் பாருங்கள். ஊசி போடாத நெதர்லாந்துப் பிள்ளைகளின் இரத்தத்தைச் சின்னமுத்து வருவதற்கு முன்னும் பின்னும் சோதித்து 2019இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. மற்றக் கிருமிகளுக்கு எதிராக அவர்கள் சேர்த்து வைத்திருந்த பிறபொருளெதிரி வகைகளில் 11 முதல் 73 வீதம் வரை அந்த ஒரு நோய் அழித்திருந்தது. நோய் பலத்தைத் தரவில்லை. முன்பு படித்ததையும் மறக்கடித்தது. ஊசி அப்படி மறக்கடிப்பதில்லை. உங்கள் மகன் 9 மாதத்திலும் 3 வயதிலும் சின்னமுத்துவையும் தடுக்கும் எம்.எம்.ஆர். ஊசி போட்டுவிட்டான் என்பதால் அந்தக் கவலை உங்களுக்கு இல்லை.

பொடியைக் கொடுக்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது, எங்கே செய்தது, எங்கே பதிவு செய்தது என்று போத்திலில் இல்லை என்கிறீர்கள். இப்படிப் பெயர் தெரியாத பொடிகளில் ஸ்டீரோயிட்டும் ஈயமும் அகப்பட்ட சம்பவங்கள் பல நாடுகளில் உண்டு. ஸ்டீரோயிட் கலந்திருந்தால் தடிமல் பட்டென்று குறைந்த மாதிரித் தெரியும், பசியெடுக்கும், பிள்ளை கொழுகொழு என்று வரும். அது எதிர்ப்பை அடக்கியதால் வருகிற தோற்றம். ஐயாயிரம் ரூபாய் போனது போகட்டும், அந்தக் காசுக்கு முட்டையும் மீனும் வாங்கியிருக்கலாம் என்று மட்டும் கணக்கு வையுங்கள். முருங்கையிலை, பொன்னாங்காணி, பப்பாசிப்பழம், சின்ன மீன் எல்லாம் உங்கள் சந்தையில் உள்ளவைதான். இரத்தச்சோகை இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளலாம். சாப்பாட்டில் குறை இருந்தால் அதை நிரப்பும்போது பாதுகாப்பும் ஒழுங்காகும். குறை இல்லாத பிள்ளைக்கு மேலும் விற்றமின் ஊற்றுவதால் தடிமல் நிற்காது. இரவு ஒன்பது மணிக்குள் போனை வாங்கி வைத்துவிட்டுப் படுக்க விடுங்கள். முன்பள்ளியால் வந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ விடுங்கள்.

கடைசியாக, மல்லி அவித்த தண்ணீர் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக. இளஞ்சூட்டில், ஒரு கரண்டி தேனும் விடலாம். இருமலுக்குத் தேன் இதமாக இருக்கும். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு மட்டும் தேன் கூடாது. ஆனால் நாலு வயதுப் பிள்ளைக்குப் போர்வை மூடி வேது பிடிக்க வேண்டாம். கொதிதண்ணீர்ச் சட்டி சரிந்து நெஞ்சும் தொடையும் வெந்த பிள்ளைகள் ஒவ்வொரு மாரியும் வார்ட்டுக்கு வருகிறார்கள். மூக்கு அடைத்தால் உப்புத் தண்ணீர்ச் சொட்டு மருந்து பாமசியில் இருக்கிறது, அது போதும்.